சீனிக் குளிசையும் நோகாத காலும்

என் இடது காலில் இப்போது மூன்று விரல்கள்தான் இருக்கின்றன. பெருவிரலும் அதற்கு அடுத்ததும் மன்னார் ஆஸ்பத்திரியில் போய்விட்டன. பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர், கடையில் தேத்தண்ணி தருபவர், பூசைக்கு வந்தவர் என்று எல்லோரும் குனிந்து பார்த்துவிட்டு என்ன நடந்தது என்று கேட்கிறார்கள். மிதிவெடியா என்று கேட்பவர்களும் உண்டு. இல்லை, சிப்பி ஓடு என்றால் நம்ப மாட்டார்கள். சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதுகிறேன்.

நான் ஓரிடத்தில் நிலைத்து நின்றவன் அல்ல. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. கற்பிட்டியில் மீன் காயவைக்கிற வாடி, புத்தளத்தில் உப்பளம், கட்டாரில் கட்டட வேலை, நடுவில் கொஞ்சக் காலம் லொறி. களைத்துப்போனால் மன்னார்த் தீவுக்குத் திரும்பி வந்து தங்கச்சி ஜெசிந்தா வீட்டுப் பின்னறையில் கிடப்பேன். அப்படி வந்த ஒரு முறைதான் கடலட்டைப் பண்ணையில் வேலை கிடைத்தது. ஆழமில்லாத கடலில் வலையால் வேலி அடைத்து, உள்ளே அட்டைக் குஞ்சுகளை விட்டு வளர்ப்பார்கள். வேலியைச் சுற்றி நடந்து கிழிசல் பார்ப்பதும் பாசி எடுப்பதும் என் வேலை. முழங்கால் தண்ணீரில் நாள் முழுக்க நடை. செருப்பு சேற்றில் புதையும் என்பதால் வெறுங்கால்.

சலரோகம் எனக்கு முன்னமே இருந்தது. சீனி வருத்தம் என்று சொல்வோம். கிளினிக்கில் விழுங்கக் குளிசை தந்திருந்தார்கள். கையில் இருந்தபோது போட்டேன், முடிந்தபோது விட்டேன். ஊர் ஊராகத் திரிகிறவனுக்கு மாதா மாதம் ஒரே வரிசையில் போய் நிற்பது முடியாத காரியமாக இருந்தது.

ஒரு மாலை கரையேறிக் காலைக் கழுவும்போது, பெருவிரலுக்குக் கீழே சிப்பி ஓட்டுத் துண்டொன்று குத்தி நிற்பதைக் கண்டேன். எப்போது குத்தியது என்று தெரியாது. பிடுங்கி எறிந்தேன். இரத்தம் வந்தது, நோகவில்லை. நோகாததால் அது எனக்கு ஒரு காயமாகவே தோன்றவில்லை. உப்புத் தண்ணி புண்ணை ஆற்றும் என்று கடற்கரையில் எல்லோரும் நம்புகிறோம். மறுநாளும் இறங்கினேன். அதற்கடுத்த நாளும்.

புண் ஆறவில்லை. வாய் திறந்தபடியே வெளிறிக் கிடந்தது. ஜெசிந்தா கண்டுவிட்டு, ஊர் மருந்தகத்தில் போய் மருந்து கட்டச் சொன்னாள். போனேன். ஸ்பிரிட்டால் துடைத்து, மஞ்சள் மருந்து பூசி, துணி சுற்றிவிட்டார்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரச் சொன்னார்கள். அதோடு பிலோமினா அக்காவிடமும் போனேன். இரண்டு கையாலும் பிடித்தால் விழமாட்டோம் என்ற எண்ணம்.

பிலோமினா அக்கா எங்கள் ஊர்க்காரி. சண்டைக் காலத்தில் வள்ளத்தில் இந்தியாவுக்குப் போய், ராமநாதபுரம் பக்கத்து முகாமில் கனகாலம் இருந்தவர். அங்கே ஒரு ஹோமியோபதி டொக்டரின் கிளினிக்கில் கூட்டித் துடைக்கப் போய், பிறகு மருந்து மடித்துக் கொடுத்து, பார்த்துப் பார்த்தே பழகினார். ஊருக்குத் திரும்பியபோது ஒரு பிஸ்கட் தகரம் நிறையச் சின்னச் சின்னப் போத்தல்கள் கொண்டுவந்தார். மூக்கொழுகும் தடிமன், பிள்ளைகளுக்குப் பல் முளைக்கிற காய்ச்சல், நித்திரையின்மை என்று ஊர் அவரிடம் போகும். காசு வாங்க மாட்டார். அதனால் மரியாதை கூடுதல்.

ஹோமியோபதி என்ற பெயர் எங்கள் ஊரில் அரைவாசிப் பேருக்கு வாயில் வராது. சீனிக் குளிசை என்போம். அதைப் பற்றி ஆளுக்கொரு கதை. இது மூலிகைதான், நாட்டு மருந்தைத்தான் உருட்டி வைத்திருக்கிறார்கள் என்பார் ஒருவர். மெதுவாகக் கேட்கும், ஆனால் வேரோடு பிடுங்கும் என்பார் மற்றவர். இங்கிலிஸ் மருந்தோடு சேர்த்தால் வயிற்றுக்குள் இரண்டும் சண்டை பிடிக்கும் என்பது இன்னொன்று. ஒரு தீமையும் இல்லாத மருந்து, பிள்ளை ஒரு போத்தலை முழுக்க விழுங்கினாலும் ஒன்றும் ஆகாது என்பதை எல்லோரும் பெருமையாகச் சொல்வோம். ஒரு போத்தல் விழுங்கியும் ஒன்றும் ஆகாத சாமான் நாலு உருண்டையில் என்னத்தைச் செய்யும் என்று, நான் உட்பட, ஒருவரும் யோசிக்கவில்லை.

அக்கா காலைப் பார்த்தார். தகரத்தைத் திறந்து ஒரு போத்தலை எடுத்தார். கையால் தொடக்கூடாது, மூடியில் விழுத்தி அப்படியே நாக்கில் போட வேண்டும் என்றார். கோப்பி குடிக்கக்கூடாது, பச்சை வெங்காயம் கூடாது, தைலம், சூடம் பக்கத்திலும் போகக்கூடாது. காரமான மணம் மருந்தை முறித்துவிடும்.

இதற்குப் பிறகு நான் விட்ட பிழையை மற்ற எந்த ஊரிலும் ஒருவன் விட்டிருப்பானோ தெரியாது. எங்கள் ஊரில் மணத்துக்குப் பயந்து இருக்க இடமில்லை. கருவாடு ஒரு பக்கம், நண்டுக் கழிவு ஒரு பக்கம். போத்தலை எங்கே வைப்பது என்று யோசித்து, கடைசியில் ஜெசிந்தாவின் கலியாணச் சேலை இருந்த அலுமாரியில் வைத்தேன். அடுத்த தடவை மருந்தகத்துக்குப் போனபோது ஸ்பிரிட் மணம் மூக்கில் அடித்தது. வெங்காயமே இந்த மருந்தை முறிக்குமென்றால் ஸ்பிரிட் விடுமா என்று நினைத்தேன். பண்ணையில் கூட வேலை செய்கிறவர்களிடம் கேட்டேன். விடாது என்று எல்லோரும் ஒரே வாயாகச் சொன்னார்கள். மருந்து கட்டப் போவதை நிறுத்தினேன். சண்டை பிடிக்கும் என்பதால் சீனிக் குளிசையின் பெயரால் உண்மையான சீனி வருத்தக் குளிசையையும் நிறுத்தினேன். புண்ணைப் பழைய சாரத் துணியால் நானே சுற்றிக்கொண்டேன்.

கால் வீங்கியது. தோல் செம்பு நிறமாகிப் பிறகு கறுத்தது. முதலில் கூட்டித்தான் குறைக்கும், மருந்து நோயை வெளியே தள்ளுகிறது என்று பண்ணையில் சொன்னார்கள். அந்தக் கதையும் எங்களிடம் இருந்தது. குறைந்தாலும் மருந்து வேலை செய்கிறது, கூடினாலும் மருந்து வேலை செய்கிறது. இப்படி ஒரு மருந்து தோற்கவே முடியாது. ஆள்தான் தோற்பான். நோகவும் இல்லை என்பதால் எனக்கு நம்பிக்கை குறையவில்லை. நல்லாக நடந்தேன்.

மணத்தைக் கண்டுபிடித்தது ஜெசிந்தா. அறைக்குள் ஏதோ செத்துக் கிடக்கிறது என்று கட்டிலுக்கு அடியில் விளக்குமாற்றால் தட்டிப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து என் காலைப் பார்த்தாள். அன்று எனக்குக் குளிர்காய்ச்சல், பல் அடித்துக்கொண்டிருந்தது. முன்வீட்டு ஓட்டோவைக் கூப்பிட்டு, என் கையைப் பிடித்து ஏற்றினாள். ஆஸ்பத்திரி வாசலில் மன்னார்த் தெருக் கழுதைகள் வழிமறித்து நின்றன. ஓட்டோக்காரர் ஹோர்ன் அடிக்க அடிக்க அவை அசையவில்லை. ஜெசிந்தா இறங்கிப் போய்த் தள்ளினாள்.

வெளிநோயாளர் பகுதியில் மர வாங்கில் இருத்தி விரலில் குத்திச் சீனி பார்த்தார்கள். மெசின் எண் காட்டவில்லை. அளவுக்கு மேல் போனால் அப்படித்தான், எழுத்துத்தான் வரும் என்றார் மிஸ்ஸி. தாதிகளை அங்கே மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். அதற்குப் பிறகு நான் வரிசையில் இருக்க வேண்டி வரவில்லை. ஒரு கையில் சேலைன், மற்றக் கையில் கிருமிக்கு ஊசி. ஆண்கள் வாட்டில் யன்னலோரக் கட்டில். அங்கிருந்து பார்த்தால் தூரத்தில் காற்றாலைகள் சுற்றுவது தெரியும். சில நேரம் அவையும் நின்றுவிடும்.

வாட் டொக்டர் இளம் பெண். துணியை அவிழ்த்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளிக்கவில்லை. அதற்கு நான் இன்றைக்கும் நன்றி சொல்வேன். ஒரு பிடியில் சின்னத் தங்கூசித் துண்டு செருகிய சாமான் ஒன்றை எடுத்தார். வலை பின்னுகிற அதே நைலோன் நூல்தான்.

"கண்ணை மூடுங்கோ ஐயா. இது காலில பட்டால் ஓம் எண்டு சொல்லுங்கோ."

மூடினேன். காத்திருந்தேன். பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமுவது கேட்டது. இன்னும் காத்திருந்தேன்.

"தொடங்குங்கோ டொக்டர்," என்றேன்.

"முடிஞ்சுது ஐயா," என்றார்.

பிறகு விளக்கிச் சொன்னார். சீனி இரத்தத்தில் கூடியபடியே வருடக் கணக்கில் இருந்தால் கால் நரம்புகள் செத்துக்கொண்டு வரும். முள் குத்தினாலும் தெரியாது, சுட்டாலும் தெரியாது. நோவு என்பது உடம்பு போடுகிற கூச்சல். எனக்கு அந்தக் கூச்சல் நின்று கனகாலம். நோகவில்லை என்று நான் சந்தோசப்பட்டதுதான் வருத்தத்தின் முக்கால்வாசி. பிறகு ஒரு மெல்லிய கம்பியைப் புண்ணுக்குள் விட்டார். அது உள்ளே எதிலோ தட்டியது. "எலும்பு," என்று மிஸ்ஸிக்குச் சொன்னார். கம்பி எலும்பில் தட்டியதை என் கண்ணால் பார்த்தேன், காலால் அறியவில்லை.

என்ன மருந்து எடுத்தேன் என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். வெங்காயம், ஸ்பிரிட், அலுமாரி எல்லாம். முதலில் சித்த மருந்து என்று நினைத்துவிட்டு, உருண்டைகளைப் பற்றிச் சொன்னதும் விளங்கிக்கொண்டார்.

"அது மூலிகைச் சாறு இல்லை ஐயா. ஒரு துளி மருந்தைத் தண்ணியில விட்டுக் குலுக்கி, அதில ஒரு துளியை அடுத்த போத்தலில விட்டு, அப்பிடியே திரும்பத் திரும்பச் செய்வினம். கரைக்கக் கரைக்க வீரியம் கூடும் எண்டு அவையின்ர நம்பிக்கை. கனக்கக் கரைச்ச போத்தலில தண்ணிதான் மிச்சம். அதைச் சீனி உருண்டையில தெளிக்கிறது."

"அப்ப அதுதானோ என்ர காலைக் கெடுத்தது?"

"இல்லை. அது ஒண்டுமே செய்யேல்லை. உங்கட நாள்தான் போனது."

பக்கத்துக் கட்டிலில் இருமியவர் எருக்கலம்பிட்டி ஹமீது நானா. எழுபது வயது வியாபாரி. முஸ்லிம் ஆட்களை நாங்கள் அண்ணன் என்ற கருத்தில் நானா என்போம். அவருக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. அதுவும் சீனி வருத்தம்தான். வெட்டிய இடத்தில் புண் வந்து திரும்ப வாட்டுக்கு வந்திருந்தார். டொக்டர் போனதும் என் பக்கம் திரும்பினார்.

"சீனி வருத்தக்காரனுக்குச் சீனி உருண்டை குடுக்கிற ஆளை எனக்கும் ஒருக்கா காட்டு, தம்பி. வீட்டில எனக்கு வெறுந்தேத்தண்ணிதான் தாறாங்க."

அந்த உருண்டைக்குள் ஸ்டீரொயிட் கலக்கிறார்களாம் என்றும் சொன்னார். அடுத்த நாள் டொக்டரிடம் கேட்டபோது, சில இடங்களில் சில பேர் எந்த மருந்திலும் எதையும் கலப்பார்கள், ஆனால் உருண்டையைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது என்றார். அதில் உள்ள சீனியும் என்னைக் கொல்கிற அளவு இல்லையாம். நானாவுக்கு அது ஏமாற்றம். அவருடைய காலின் கதை வேறு. ஒரு தர்காவில் ஓதிய எண்ணெய் பூசியபடி இருந்தாராம். "ஆளாளுக்கு ஒண்டு," என்றார். "எனக்கு எண்ணெய், உனக்கு உருண்டை. வெட்டுற கத்தி ஒண்டுதான்."

பெரிய சேர்ஜன் வந்து பார்த்தார். இரண்டு விரலையும் எடுத்து, செத்த சதையை வழிக்க வேண்டும். காலில் மேலேறும் கிருமிச் சிவப்பு அதோடு நின்றால் பாதம் மிஞ்சும். நிற்காவிட்டால் முழங்காலுக்குக் கீழே வெட்ட வேண்டும் என்றார். டொக்டர் ஒரு பேனையால் என் கணுக்காலுக்கு மேலே சிவப்பு முடிகிற இடத்தில் ஒரு கோடு போட்டார். இதைத் தாண்டுகிறதா என்று பார்ப்போம் என்றார். எனக்குச் சொத்து என்று ஒன்று இருந்ததென்றால் அது இந்தக் கால்தான். அது என்னைக் கொண்டுபோன இடங்களைத் தவிர வேறு ஒன்றையும் நான் சேர்த்து வைக்கவில்லை. நானாவின் வெறும் சாரத்தைப் பார்ப்பதும் கோட்டைப் பார்ப்பதுமாக இருந்தேன்.

ஒப்பரேசனுக்கு முன் எக்ஸ்ரே எடுக்கச் சில்லுக் கதிரையில் தள்ளிக்கொண்டு போனார்கள். கிளினிக் விறாந்தையைக் கடக்க வேண்டும். காலை நேரம், வாங்கு நிறைய ஆட்கள். மூன்றாவது வாங்கில் பிலோமினா அக்கா, மடியில் கிளினிக் கொப்பியோடு, முறைக்குக் காத்திருந்தார். பின்னால் வந்த ஜெசிந்தா கதிரையைத் தானே பிடித்து நிறுத்தினாள்.

"நீங்கள் இஞ்ச என்ன செய்யிறீங்கள்?" என்று அவள் கேட்டாள்.

"பிரஷருக்குக் குளிசை எடுக்க வந்தனான். மாதா மாதம் வாறனான்தானே."

"உங்கட தகரத்தில பிரஷருக்கு ஒண்டும் இல்லையோ?"

அக்கா என் காலைப் பார்த்தார். கட்டையும், கட்டுக்கு மேலே பேனைக் கோட்டையும்.

"பிரஷர் விளையாட்டில்லைப் பிள்ளை. ராமநாதபுரத்து உருண்டை டொக்டரே எனக்கு அங்க வைச்சு இந்த இங்கிலிஸ் குளிசைதான் போடச் சொன்னவர்," என்றார். பிறகு என்னிடம், "தம்பி, மருந்து கட்டப் போக வேண்டாமெண்டு நான் சொன்னனானோ?"

"இல்லை அக்கா."

ஜெசிந்தா விடவில்லை. "போகச் சொன்னீங்களோ?"

அக்காவின் இலக்கத்தைக் கூப்பிட்டார்கள். அவர் எழும்பவில்லை. இரண்டாம் முறையும் கூப்பிட்டார்கள்.

"சொல்லேல்லை," என்றார்.

கதிரை தள்ளிவந்த அற்றெண்டன் திரும்பத் தள்ளத் தொடங்கினார். இவ்வளவு காலமும் ஊர் முழுக்க அவரிடம் மருந்து வாங்கியது. அவர் தன் வருத்தத்துக்கு என்ன போடுகிறார் என்று ஒருவரும் கேட்டதில்லை. அவர் மறைத்ததும் இல்லை. எங்களோடு அதே பஸ்ஸில்தான் கிளினிக்குக்கு வந்து போயிருக்கிறார்.

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்தார்கள். எனக்கு அது தேவையா என்று கேட்டேன். ஒருவரும் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு வந்த நாட்கள் ஒன்றைப் போல ஒன்று. விடிந்ததும் விரலில் குத்துவார்கள், தொப்புளுக்குப் பக்கத்தில் இன்சுலின் போடுவார்கள், கட்டை அவிழ்த்துப் புண்ணைக் கழுவுவார்கள், டொக்டர் குனிந்து முகர்ந்து பார்ப்பார். ஸ்பிரிட் மணம் எனக்குப் பழகிவிட்டது. கட்டிலும் மருந்தும் அரசாங்கத்தில் இலவசம். என்றாலும் ஓட்டோவுக்கும் வெளியில் வாங்கச் சொன்ன ஒரு ஊசிக்கும் ஜெசிந்தாவின் தோடு போனது. அவள் அதைச் சொல்லவில்லை, காதைப் பார்த்துத்தான் அறிந்தேன். தவிட்டு மாப் பிட்டும் மீன் சொதியும் கொண்டுவருவாள். நானாவுக்கும் ஒரு பங்கு. அவருடைய வீட்டிலிருந்து எனக்குக் கஞ்சி வரும். பிறகு பிளாஸ்டிக் கதிரையில் இருந்து செபமாலை சொல்வாள். நடுவில் நிறுத்திக் கோட்டைப் பார்ப்பாள்.

இரண்டு முறை சிவப்பு கோட்டைத் தொட்டது. இரண்டாம் முறை டொக்டர் ஊசி மருந்தை மாற்றினார். அடுத்த காலைகளில் கோட்டுக்கும் சிவப்புக்கும் நடுவில் ஒரு விரல் அகலத்துக்கு என்னுடைய பழைய தோல் நிறம் தெரிந்தது. ஜெசிந்தா அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தாள். நானா தன் கட்டிலிலிருந்து எட்டிப் பார்த்து, "அல்ஹம்துலில்லாஹ், கால் உனக்குத்தான் தம்பி," என்றார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து கனநாள் படுக்கை. கடல் வேலை இனி இல்லை. உப்புத் தண்ணீரில் கால் வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். உள்ளே மெத்தை வைத்த கறுத்தச் செருப்பொன்று தந்தார்கள், அதைப் போடாமல் கட்டிலை விட்டு இறங்கக்கூடாது. ஒவ்வொரு நாளும் கண்ணாடியை நிலத்தில் வைத்து உள்ளங்காலைப் பார்க்கிறேன். கால் தானாகச் சொல்லாததை நான் கேட்டு அறிய வேண்டியிருக்கிறது. மாதா மாதம் பிலோமினா அக்காவோடு ஒரே வாங்கில் இருக்கிறேன். அவர் தடிமனுக்கும் பல் காய்ச்சலுக்கும் இன்னும் உருண்டை கொடுக்கிறார். அது வேண்டாம் என்று நானும் சொல்லவில்லை. சொன்னால் ஊர் கேட்கப் போவதும் இல்லை. ஜெசிந்தா மட்டும் இன்னும் அவரோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

போன கிழமை, கொண்டச்சி ஊரிலிருந்து வாடி வேலைக்கு வந்திருந்த ஒருவன் எங்கள் படலையில் வந்து நின்றான். நாற்பது வயதிருக்கும். பாதத்தில் துணி சுற்றியிருந்தான். பிலோமினா அக்காவிடம் மருந்துக்குப் போனானாம். அவர் தகரத்தைத் திறக்கவே இல்லையாம்.

"முதல் அருளப்புவின்ர காலைப் பாத்திட்டு வா எண்டு சொன்னவ," என்றான்.

அருளப்பு நான்தான் என்று செருப்பைக் கழற்றிக் காலை நீட்டினேன். அவன் குந்தியிருந்து பார்த்தான். சீனி இருக்கிறதா என்று கேட்டேன். கொஞ்சம் இருக்கிறதென்று ஒரு முறை சொன்னார்களாம், அதற்குப் பிறகு பார்க்கவில்லையாம்.

"சரியா நொந்திருக்குமே அண்ணே?" என்றான்.

"இல்லை. கடைசி வரைக்கும் நோகேல்லை."

அவன் முகம் தெளிந்துவிட்டது. எழுந்து காலை நிலத்தில் இரண்டு தரம் ஊன்றிக் காட்டினான்.

"அப்ப பயமில்லை. எனக்கும் ஒரு துளி நோவு இல்லை."

நான் செருப்பைத் திரும்பப் போட்டு வாரை இறுக்கினேன். மன்னார் ஆஸ்பத்திரிக்குப் போகிற பஸ்ஸுக்கு இன்னும் நேரம் கிடந்தது. ஆனாலும் ஜெசிந்தாவிடம் சொல்லிவிட்டு, அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டுக்கு இறங்கினேன்.